பெருங்கலைஞர் யார்?

நுழையும்முன்

ஆடுவோரும் பாடுவோரும் வரைவோரும் எக்காலத்தும் பலர் உளர். அவர்களுள் மிகச் சிலரையே காலம் பெருங்கலைஞர் என்று நினைவில் கொள்கிறது. திறமையா, புகழா, பயிற்சியா, வேறொன்றா, எது ஒருவரைப் பெருங்கலைஞர் ஆக்குகிறது? இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஆடற்கலைஞர்களுள் ஒருவரான தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வினாவும் விடைகளும்

பள்ளி ஆண்டு விழாவில் மாணவி ஒருத்தி நடனமாடுகிறாள். தாளம் தப்பவில்லை; முத்திரைகள் பிசகவில்லை; அவையோர் கைதட்டி மகிழ்கின்றனர். அவளை நல்ல ஆடற்கலைஞர் என்று சொல்ல எவரும் தயங்கமாட்டார். ஆனால், 'பெருங்கலைஞர்' என்னும் சொல்லை நாம் அவ்வளவு எளிதில் எடுத்தாள்வதில்லை. நல்ல கலைஞருக்கும் பெருங்கலைஞருக்கும் இடையே உள்ள தொலைவை எதைக்கொண்டு அளப்பது?

திறமை என்பதே முதலில் தோன்றும் விடை. திறமையின்றிக் கலை இல்லை என்பது உண்மை. எனினும், விரைந்து சுழலும் கால்களையும் வளைந்து கொடுக்கும் உடலையும் கண்டு நாம் அடைவது வியப்பு. அவ்வியப்பு பெரும்பாலும் அரங்கை விட்டு வெளியேறும்போதே குறையத் தொடங்கிவிடுகிறது. புகழ் என்பது இரண்டாவது விடை. புகழோ காலத்தின் விருப்பத்தைச் சார்ந்தது. கைப்பேசித் திரையில் ஒரே இரவில் பல இலட்சம்பேர் கண்டு களித்த ஆட்டத்தை அடுத்த மாதம் நினைப்பார் இலர். விருது என்பது மூன்றாவது விடை. விருது ஒருவரது பெருமையை ஊரறியச் செய்யும்; பெருமையை உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இம்மூன்றும் போதா என்றால், போதுமானது எது? பொதுவாகச் சிந்திப்பதைவிட, ஒருவரது வாழ்க்கையை அருகிலிருந்து நோக்கினால் விடை தெளிவாகும். அதற்கு முன்பு, ஆடற்கலைஞரைப் பற்றி நம் இலக்கியம் கூறும் செய்தி ஒன்றை நினைவுகூர்வோம்.

சிலம்பு காட்டும் மாதவி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் கலைப் பயிற்சியை விரிவாக எடுத்துரைக்கிறது. ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கிய அவள், ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள். எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்பட்டது. ஆடி முடித்தபின் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள்.

இக்காதையைக் கற்போர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மாதவியின் ஆட்டத்தை விளக்கும் முன்பாக, ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமையாளன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். மேடையில் நிற்பவள் ஒருத்தியே. அவளுக்குப் பின்னால் ஒரு கலைச்சமூகமே நிற்கிறது. பெருங்கலை ஒருவரிடமிருந்து மட்டும் தோன்றிவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். பாலசரஸ்வதியின் வரலாறும் அவ்வாறே பலருடைய வரலாறாகத் தொடங்குகிறது.

இசை குடியிருந்த இல்லம்

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் கலைஞராக விளங்கிய பாப்பம்மாளின் வழியில் ஏழாம் தலைமுறையினர் அவர். பாட்டியார் வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாளின் இல்லத்தில் நிகழ்ந்த வீணை இசையைக் கேட்க, அக்காலத்தின் பேரறிவு வாய்ந்த இசைவாணர்களும் சுவைஞர்களும் வந்து அமர்வர். ஆரவாரமற்ற மெல்லிய வாசிப்பு அது. கேட்போர் அசையாது அமர்ந்திருந்தாலன்றி அதன் நுட்பங்கள் செவிக்கு எட்டா. பதங்கள் எனப்படும் பொருட்செறிவு மிக்க இசைப்பாடல்களின் பெருங்கருவூலமாகவும் அக்குடும்பம் விளங்கியது.

தாயார் ஜெயம்மாள் சிறந்த பாடகர். பிற்காலத்தில் மகளின் நடனத்திற்குப் பின்னின்று பாடியவரும் அவரே. உடன்பிறந்தோருள் ரங்கநாதன் மிருதங்கக் கலைஞர். விசுவநாதன் புல்லாங்குழல் கலைஞர். இத்தகைய இல்லத்தில் வளர்ந்த குழந்தைக்கு இசை என்பது தனியே கற்கவேண்டிய பாடமாக இருக்கவில்லை. தாய்மொழியைப் போலத் தானே வந்து சேர்ந்தது. தாம் ஆடும்போதே பாடவும் வல்லவராகப் பாலசரஸ்வதி பின்னாளில் விளங்கியதற்கு இதுவே அடிப்படை.

ஆயினும், மரபுவழிச் செல்வம் எல்லாருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. இசைக்குடும்பங்களில் பிறந்தும் கலைஞராகாதோர் பலர். பிறப்பு வாயிலைத் திறந்து வைக்கிறது. உள்ளே நடந்து செல்பவர் கலைஞரே.

நான்கு வயதில் தொடங்கிய தவம்

நான்காம் வயதில் பாலசரஸ்வதியின் ஆடற்பயிற்சி தொடங்கியது. ஆசிரியர், தஞ்சை நால்வர் எனப் போற்றப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழியில் வந்த நட்டுவனார் கந்தப்பா. கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர் அவர். ஏழாம் வயதில், 1925ஆம் ஆண்டு, காஞ்சிபுரத்தில் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

பரதநாட்டியத்தின் அடிப்படை அலகு அடவு எனப்படும். காலை எவ்வாறு ஊன்றுவது, முழங்காலை எவ்வளவு மடக்குவது, கையை எக்கோட்டில் நீட்டுவது, கண் எத்திசையில் செல்வது என்பன எல்லாம் ஓர் அடவுக்குள் அடங்கும். ஒவ்வோர் அடவையும் முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்னும் மூன்று வேகங்களில் ஆடிப் பழக வேண்டும். முதற்காலத்தில் ஓர் அடி விழும் இடைவெளியில், இரண்டாம் காலத்தில் இரண்டும் மூன்றாம் காலத்தில் நான்கும் விழும். மூன்றாம் காலத்திலும் உடலின் அமைப்பு சிறிதும் குலையலாகாது. நட்டுவனார் மனையில் தட்டுக்கழி கொண்டு தட்டும் ஓசைக்கும் மாணவர் தரையில் மிதிக்கும் ஓசைக்கும் இடையே மயிரிழை அளவும் இடைவெளி இருத்தல் கூடாது. இதனை ஆயிரம் முறை செய்தபின்பும் ஆயிரத்தோராம் முறை செய்யவேண்டியிருக்கும்.

இத்தகைய பயிற்சி எதற்காக? தொழில்நுட்பம் உடலில் முழுமையாக ஊறிவிட்டால், அதனைப் பற்றி நினைக்கவேண்டிய தேவை மனத்திற்கு இல்லாமற்போகும். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் குழந்தையால் கதையின் சுவையில் ஈடுபட இயலாது. எழுத்து கைவந்தபின்தான் கண்முன் கதை விரியும். அவ்வாறே, அடவை எண்ணிக்கொண்டு ஆடுபவரால் பாடலின் பொருளில் தோய இயலாது. பயிற்சி, கலைஞரின் மனத்தைப் பொருளுக்காக விடுவித்துத் தருகிறது.

அறிந்தபின்னும் மாணவர்

இளமையிலேயே பாலசரஸ்வதிக்குப் புகழ் வந்தது. 1934ஆம் ஆண்டு கொல்கத்தாவில் ஆடினார். தென்னகத்திற்கு வெளியே அவ்வாடல் மரபு மேடையேறிய தொடக்கக்கால நிகழ்வுகளுள் ஒன்று அது. புகழ்பெற்ற நடனக்கலைஞர் உதயசங்கர் அவரது ஆட்டத்தில் ஈடுபாடு கொண்டு, வடஇந்தியாவில் அவரை அறிமுகப்படுத்துவதில் துணைநின்றார்.

பதின்ம வயதில் இத்தகைய பாராட்டைப் பெற்ற ஒருவர், கற்க வேண்டியவற்றைக் கற்று முடித்துவிட்டோம் என்று எண்ணுதல் இயல்பு. பாலசரஸ்வதி அவ்வாறு எண்ணவில்லை. அபிநயம் எனப்படும் பாவவெளிப்பாட்டைப் பலரிடம் சென்று மேலும் பயின்றார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிவந்த கௌரி அம்மாளின் அபிநயம், சிறுவயதிலேயே அவரது உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. அவரிடம் கற்றார். சின்னையா நாயுடுவிடமும் கூச்சிப்பூடி மரபில் தேர்ந்த வேதாந்தம் இலட்சுமிநாராயண சாஸ்திரியிடமும் கற்றார். ஒரு பாடல்வரியை மேடையிலேயே புதிது புதிதாக விரித்துக் காட்டும் நுட்பம் அவர்களிடமிருந்து அவருக்கு வாய்த்தது.

கலைஞரின் வளர்ச்சி நிற்பது பெரும்பாலும் கைதட்டல் மிகும் இடத்தில்தான். மக்கள் விரும்பும் ஒன்றைக் கண்டுகொண்டவர் அதனையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்குகிறார். நாளடைவில் தம்மையே நகலெடுப்பவர் ஆகிவிடுகிறார். பாராட்டைப் பெற்றபின்னும் பிறர்முன் மாணவராக அமரும் பணிவு, கலையில் மேலும் முன்னேற ஒருவருக்குத் துணைசெய்யும் ஆற்றல்களுள் தலையாயது.

ஒரு வரி, பல உலகங்கள்

அபிநயத்தின் நுட்பத்தைச் சற்று விளக்கமாகக் காண்போம். கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் கன்னடப் பாடல் ஒன்று உண்டு. வியாசராயர் இயற்றியதாகக் கருதப்படும் அப்பாடல், 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' எனத் தொடங்குவது. பாலசரஸ்வதியின் அபிநயத்திற்குப் பெயர்பெற்ற பாடல் இதுவே.

அழைத்தல் என்னும் பொருள் எளியது. கையசைத்து அழைப்பதுபோல் காட்டினால் பொருள் விளங்கிவிடும். ஆனால், ஒரு தாய் தன் குழந்தையை அழைப்பது ஒரே வகையிலா? முதலில் கொஞ்சி அழைப்பாள். வராவிட்டால் சினந்தவள்போல் நடிப்பாள். ஏதேனும் தின்பண்டத்தைக் காட்டி ஆசைமூட்டுவாள். ஒளிந்திருக்கும் குழந்தையைக் காணாதவள்போல் தேடுவாள். வேண்டாம் போ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிய முகத்தின் கடைக்கண் மட்டும் குழந்தையின்மீதே இருக்கும். பாடகர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் ஆடுபவர் வேறொரு பொருளை அதிலிருந்து எடுத்துக் காட்டுவார். இதனைச் சஞ்சாரி என்பர்.

இவ்விரிவுக்கு எழுதிவைத்த வரையறை இல்லை. இராகத்தின் போக்கு, சொல்லின் பொருள், அன்றைய அரங்கின் மனநிலை ஆகியவற்றை உணர்ந்து கலைஞர் அந்நொடியில் படைக்கிறார். கற்பனை மட்டும் இருந்து இசையறிவு இல்லையெனில் சைகை தாளத்திலிருந்து விலகிவிடும். இசையறிவு மட்டும் இருந்து வாழ்வைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் இல்லையெனில் சைகை வெறும் அடையாளக் குறியாக நின்றுவிடும். பாலசரஸ்வதியிடம் இசையும் ஆடலும் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. இசையைக் கண்ணால் காண்கிறோமோ என்று காண்போர் மயங்கும்படி அவை ஒன்றியிருந்தன. 1973ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி, இசைவாணர்களுக்கு வழங்கும் 'சங்கீத கலாநிதி' என்னும் சிறப்பை ஆடற்கலைஞராகிய அவருக்கு வழங்கியமை இதற்குத் தக்க சான்றாகும்.

தெரியுமா?

பரதநாட்டியம் என்று இன்று நாம் அழைக்கும் கலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதிர் என்னும் பெயரால் பெரிதும் வழங்கப்பட்டது. 1930களில்தான் 'பரதநாட்டியம்' என்னும் பெயர் பரவலாக நிலைபெற்றது.

அரங்கம் மறுத்த ஆண்டுகள்

பாலசரஸ்வதி ஆடத் தொடங்கிய காலம், அக்கலைக்கு நெருக்கடியான காலம். கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடிய பெண்கள் ஒரு காலத்தில் நிலமும் மதிப்பும் பெற்றிருந்தனர். ஆதரவு குன்றியபின் அவர்களுள் பலர் வறுமைக்கும் சுரண்டலுக்கும் ஆளாயினர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் பெண்களின் உரிமையைப் பறிப்பதாக இருந்தது. அதனை எதிர்த்து மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அரும்பாடுபட்டார். 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பெண்விடுதலை வரலாற்றில் இது மறக்கலாகாத நிகழ்வு.

அதே வேளையில், வழக்கத்தின்மீது எழுந்த வெறுப்பு, அவ்வழக்கத்தோடு பிணைந்திருந்த கலையின்மீதும் அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்களின்மீதும் படிந்தது. அவர்கள் ஆடுவதே இழிவு எனக் கருதப்பட்டது. பல குடும்பங்கள் தம் பெண்மக்களுக்கு ஆடல் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டன. கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் தம் முதுமையில் வறுமையுற்றார். சட்டம் ஒரு தீமையைக் களைந்தது. சமூகமோ தீமைக்கும் திறமைக்கும் வேறுபாடு காணத் தவறியது.

பாலசரஸ்வதியையும் இச்சூழல் தாக்கியது. 1941ஆம் ஆண்டு ஆசிரியர் கந்தப்பா மறைந்தார். உடல்நலமும் நலிவுற்றது. இளமையில் தேடிவந்த மேடைகள் அருகின. அப்போது அவர்முன் மூன்று வழிகள் இருந்தன. கலையைக் கைவிட்டுவிடலாம்; பழிக்கு அஞ்சித் தம் கலையின் இயல்பை மாற்றிக்கொள்ளலாம்; வாய்ப்பு வரினும் வாராவிடினும் தாம் உண்மையென உணர்ந்த வடிவிலேயே அதனைக் காக்கலாம். அவர் மூன்றாம் வழியைத் தேர்ந்தார்.

1950களில் அவர் கலைவாழ்வு மீண்டும் மலர்ந்தது. மியூசிக் அகாடமியின் துணையோடு நடனப்பள்ளி ஒன்று உருவாயிற்று. கந்தப்பாவின் மகன் கணேசன் அவருக்குத் துணைநின்றார். 1955ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதெமி விருதும் 1957ஆம் ஆண்டு பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. இவ்விருதுகள் வந்த காலத்தை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். போற்றுவார் அருகிய ஆண்டுகளில் அவர் எதைக் காத்தாரோ, அதற்கே பின்னர்ப் போற்றுதல் கிடைத்தது.

கோயிலாக விரியும் ஆடல்

1930களில் ஆடற்கலை புதிய சூழலுக்குள் நுழைந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1935ஆம் ஆண்டு மேடையேறி, 1936ஆம் ஆண்டு கலாக்ஷேத்திரா நிறுவனத்தை உருவாக்கினார். ஆடை, மேடையமைப்பு, பயிற்றுமுறை ஆகியவற்றில் அவர் பல சீர்திருத்தங்களைச் செய்தார். எல்லாக் குடும்பத்துப் பெண்களும் ஆடலைக் கற்கலாம் என்னும் நிலை உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. காதற்சுவை மிகுந்த சில பகுதிகளைத் தவிர்த்து, பக்தியை முதன்மைப்படுத்துவது அவரது நோக்கு.

பாலசரஸ்வதி இதில் மாறுபட்டார். அன்பின் பல நிலைகளையும் காட்டும் சிருங்காரமே அபிநயத்தின் உயிர். அதனைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவை இல்லை. அது தன்னளவிலேயே தூயது என்பது அவர் துணிபு. தலைவனைப் பிரிந்த தலைவியின் ஏக்கமும் இறைவனைப் பிரிந்த உயிரின் ஏக்கமும் வேறுவேறல்ல என்பதை அகப்பாடல்களையும் ஆழ்வார் பாசுரங்களையும் கற்றோர் எளிதில் உணர்வர்.

1975ஆம் ஆண்டு தமிழிசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசைமுறையை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டு அவர் விளக்கினார். அலாரிப்பு கோபுர வாயில், ஜதிசுரம் அர்த்த மண்டபம், சப்தம் பெருமண்டபம், வர்ணம் இறைவனின் திருமுன், பதம் கருவறையின் குளிர்ந்த அமைதி, தில்லானா கற்பூர ஆரத்தி. வெளியிலிருந்து உள்ளே, ஒலியிலிருந்து அமைதிக்கு, உடலிலிருந்து உள்ளத்திற்கு என ஆடல் காண்போரை அழைத்துச் செல்கிறது. இவ்வரிசையை விருப்பம்போல் மாற்றலாகாது என்று அவர் கூறியதன் பொருளும் இதுவே.

இவ்விரு கலைஞருள் எவர் நோக்குச் சரி என்று தீர்ப்பளிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று. இருவரும் கௌரி அம்மாளிடம் பயின்றவர்கள்; இருவரும் கலைக்காகவே வாழ்ந்தவர்கள். பாலசரஸ்வதி மரபைக் கேள்வியின்றி ஏற்கவில்லை. அதன் உட்பொருளை ஆராய்ந்து அறிந்து, அறிந்தபின் அதற்காக வாதிட்டார் என்பதையே நாம் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். மேடையிலோ அவர் ஒருநாள் ஆடியதை மறுநாள் அவ்வாறே ஆடியதில்லை. வரையறைக்கு உட்பட்டு நின்றே அளவற்ற உரிமையை அவர் கண்டார்.

மொழி கடந்த மெய்ப்பாடு

1961ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற கிழக்கு மேற்கு இசைச் சந்திப்பில் பாலசரஸ்வதி ஆடினார். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவிலும், 1963ஆம் ஆண்டு எடின்பரோ விழாவிலும் ஆடினார். பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். அங்கிருந்த அவையோருள் பெரும்பாலோர் தமிழோ தெலுங்கோ கன்னடமோ அறியாதவர். கண்ணன் கதையும் அவர்களுக்குப் புதிது. ஆயினும், வராத குழந்தையை அழைக்கும் தாயின் முகம் அவர்களுக்குப் புரிந்தது. தம் மண்ணின் கலையை அயலார்க்கு ஏற்ப அவர் நீர்க்கச் செய்யவில்லை. அதன் ஆழத்திற்குச் சென்றதாலேயே அது எல்லாரையும் எட்டியது.

இளம் வயதில் கொல்கத்தாவில் பாலசரஸ்வதியின் நடனத்தைக் கண்டவர் திரைப்பட மேதை சத்யஜித் ராய். பல ஆண்டுகளுக்குப் பின், 1976ஆம் ஆண்டு, 'பாலா' என்னும் ஆவணப்படத்தை அவர் எடுத்தார். அதில் கடற்கரையில், காற்று புடவையை அலைக்க, பாலசரஸ்வதி கண்ணனை அழைக்கிறார். அப்போது அவருக்கு அகவை 58. இளமையின் விரைவு உடலில் இல்லை. அரங்க விளக்குகளும் இல்லை. இருப்பினும், அக்காட்சியைக் காண்பவர் நினைவில் தங்குவது ஆடுபவரின் முதுமையன்று. அழைப்பவளின் அன்பும் வாராத குழந்தையுமே.

முதுமையிலும் கலை தேயாமல் ஆழம் பெறுவதற்குப் பிறநாட்டிலும் சான்று உண்டு. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1760ஆம் ஆண்டு பிறந்தவர். உலகெங்கும் அறியப்பட்ட 'பேரலை' ஓவியத்தை அவர் படைத்தபோது அகவை எழுபதைத் தொட்டிருந்தது. 1834ஆம் ஆண்டு வெளியான தம் ஓவியநூலில், எழுபது அகவைக்கு முன் தாம் வரைந்தவை பொருட்படுத்தத்தக்கவை அல்ல என்றும், நூறைக் கடந்து வாழ்ந்தால் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்றும் அவர் எழுதினார். ஆடலும் ஓவியமும் வேறு. தமிழகமும் ஜப்பானும் வேறு. கலையின்முன் தம்மை என்றும் மாணவராகவே கருதிய மனம் இருவர்க்கும் ஒன்றே.

விடை

1977ஆம் ஆண்டு பத்மவிபூஷண் விருதைப் பெற்ற பாலசரஸ்வதி, 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையில் மறைந்தார். தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு அவர் வாழ்வு தரும் விடையைத் தொகுத்துக் காண்போம்.

பெருங்கலைஞர் தம் கலையின் அடிப்படைகளைப் பிழையறக் கற்றவர். கற்றபின்னும் கற்பதை நிறுத்தாதவர். மரபின் உட்பொருளை அறிந்து, அதிலிருந்து புதியன படைக்க வல்லவர். இவையெல்லாம் இன்றியமையாதவை. எனினும், இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. கலையைத் தம்மைக் காட்டும் கண்ணாடியாகக் கொள்பவர் நல்ல கலைஞராகலாம். தம் வாழ்வையே கலைக்கு உரியதாக ஆக்கிக்கொள்பவரே பெருங்கலைஞர் ஆகிறார். புகழ் வரும்போது அதனில் மயங்காமலும், பழி வரும்போது அதற்கு அஞ்சித் தம் கலையின் உண்மையை விற்காமலும் இருக்கும் ஆற்றல் அவ்வொப்படைப்பிலிருந்தே பிறக்கிறது. அவர் ஆடும்போது ஆடுபவரை மறந்து ஆடலைக் காண்கிறோம். அந்த மறதியை நமக்குத் தருவதே அவரது பெருமை.

மாணவர்களே! உங்களுள் சிலர் பாடலாம், சிலர் வரையலாம், சிலர் எழுதலாம், சிலர் ஆடலாம். ஓர் அரங்கம் கைதட்டும் நாளும் உங்களுக்கு வரும். எவரும் கவனிக்காத நாளும் வரும். கைதட்டிய நாளின் மறுநாள் காலையில் நீங்கள் மீண்டும் முதல் அடவிலிருந்து தொடங்குகிறீர்களா? எவரும் கவனிக்காத நாளிலும் அதே ஒழுங்கோடு அதைச் செய்கிறீர்களா? பெருங்கலைஞர் ஆவோமா என்பதை நம்மால் முன்னறிய இயலாது. அப்பாதையில் நடக்கிறோமா என்பதை இவ்விரு வினாக்களுக்கும் நாம் தரும் விடை காட்டிவிடும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வாழும் கூத்து, தவில், நாகசுரம், சிற்பம், ஓவியம் முதலான கலைகளுள் ஒன்றில் தேர்ந்த மூத்த கலைஞரைச் சந்தித்து, அவர் கற்ற முறையையும் எதிர்கொண்ட இடர்களையும் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

2. 'ஒருவரை அழைத்தல்' என்னும் ஒரே பொருளைச் சொற்கள் இன்றி, முகக்குறிப்பாலும் கைச்சைகையாலும் ஐந்து வெவ்வேறு உணர்வுகளில் நடித்துக் காட்டுக.

3. 'மரபுக்கலைகள் காலத்திற்கேற்ப மாறவேண்டும்', 'மரபுக்கலைகள் தம் இயல்பு மாறாமல் காக்கப்படவேண்டும்' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. சஞ்சாரி என்பது யாது?

2. அரங்கேற்று காதை மாதவியின் பயிற்சிக்காலம் குறித்துக் கூறுவன யாவை?

சிறுவினா

1. அடவுப் பயிற்சி கலைஞரின் மனத்தை எவ்வாறு விடுவிக்கிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. ஆடல் நிகழ்ச்சியின் வரிசைமுறையைக் கோயிலமைப்போடு பாலசரஸ்வதி ஒப்பிட்ட திறத்தை எழுதுக.

நெடுவினா

1. 'சட்டம் ஒரு தீமையைக் களைந்தது. சமூகமோ தீமைக்கும் திறமைக்கும் வேறுபாடு காணத் தவறியது' என்னும் கூற்றைப் பாடப்பகுதி கொண்டு ஆராய்க.

2. திறமை, புகழ், விருது ஆகியவை மட்டும் ஒருவரைப் பெருங்கலைஞர் ஆக்குவதில்லை என்பதைப் பாலசரஸ்வதியின் வாழ்வை முன்வைத்து நிறுவுக.